15,349 கிலோமீட்டர் என்பது எத்தனை மணி நேரம்?

கேட்டவர் நான்கு எண்களை முன்வைத்திருக்கிறார்: ஒரு தூரம், மூன்று நேரங்கள். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் இடையே வான்வழித் தொலைவு 15,349 கி.மீ. என்று ஓர் இணையதளம் காட்டுகிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கும் என்று வைத்து அவரே வகுத்துப் பார்த்ததில் 17 மணி நேரம் வந்திருக்கிறது. அதே இணையதளமோ பயண நேரம் 19 மணி 34 நிமிடம் என்கிறது. விமான நிறுவனத்தின் அட்டவணையில் இருப்பது 18 மணி 40 நிமிடம். வயதான தந்தையை அழைத்துச் செல்லவிருக்கும் அவர் எதை நம்புவது என்று கேட்கிறார். திரும்பி வரும்போதும் இதே நேரம்தானா, பூமி சுழல்வதால் ஒரு பக்கம் சீக்கிரம் போய்விடுமா, நடுவில் ஓர் ஊரில் நின்று போனால் எவ்வளவு கூடும் என்று துணைக் கேள்விகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: தூரமும் வேகமும் தெரிந்த பிறகும் நேரம் ஏன் பிடிபடவில்லை?

விமான நிறுவனம் ஒன்றில் டிஸ்பாட்சராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஒவ்வொரு விமானமும் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு அது எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும் என்று தரையில் உட்கார்ந்து திட்டமிடுபவரைத்தான் இப்படி அழைக்கிறோம். நான் விமானம் ஓட்டியவன் அல்ல. ஓட்டும் கலையைப் பற்றி விமானிகள்தான் பேச வேண்டும். முதியவர் ஒருவர் இவ்வளவு நேரம் உட்கார்ந்து வரலாமா என்பதும் அவருடைய மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி. தூரம், பாதை, நேரம் இவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் தூரம். நான்கு எண்களில் சந்தேகமே இல்லாதது இது ஒன்றுதான். உருண்டையான பூமியின் மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடு பெருவட்டப் பாதை. பொதுவாக அதைக் கணக்கிட முக்கோணவியல் சூத்திரம் வேண்டும். ஆனால் இந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு விசேஷம் இருப்பதால் ஒரு துண்டுத் தாளிலேயே போட்டுப் பார்க்கலாம். சாங்கி விமான நிலையம் ஏறக்குறைய 104 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் இருக்கிறது. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையம் ஏறக்குறைய 74 பாகை மேற்கில் இருக்கிறது. இரண்டையும் கூட்டினால் 178. அதாவது பூமியின் நேர் எதிர்ப்பக்கத்துக்கு இரண்டு பாகைதான் குறைவு. ஆகவே மிகக் குறுகிய வழி கிழக்கும் அல்ல, மேற்கும் அல்ல. நேராக வடக்கே ஏறி, வட துருவத்துக்கு 300 கி.மீ.க்குள் போய், மறுபக்கம் இறங்குவது. சாங்கியின் அட்சரேகை 1.4 பாகை, கென்னடியுடையது 40.6. இரண்டையும் 180இலிருந்து கழித்தால் 138 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் 15,346 வருகிறது. இணையதளம் காட்டிய எண்ணுக்கும் இதற்கும் 3 கி.மீ.தான் வித்தியாசம்.

அந்தச் சிறு வித்தியாசமும் எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். பூமி சரியான கோளம் அல்ல. நடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. கோளம் என்று வைத்துப் போட்ட கணக்கும், இந்தத் தட்டைத்தன்மையைச் சேர்த்துப் போட்ட கணக்கும் எந்த இரு ஊர்களுக்கிடையிலும் ஏறக்குறைய அரை சதவீதத்துக்கு மேல் விலகுவதில்லை. இரண்டு தளங்கள் உங்களுக்கு இரண்டு தூரம் காட்டினால் அதற்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். ஒன்று ஊரின் மையத்திலிருந்து அளந்திருக்கும், மற்றது விமான நிலையத்திலிருந்து அளந்திருக்கும். அல்லது மைல் குழப்பமாக இருக்கும். விமானத் துறையில் புழங்குவது கடல் மைல், அது 1.852 கி.மீ. சாலை மைலோ 1.609 கி.மீ. உங்கள் 15,349 கி.மீ. என்பது 8,288 கடல் மைல், 9,537 சாலை மைல். எங்காவது வெறும் மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பார்த்த பிறகே நம்புங்கள்.

அடுத்து அந்த 19 மணி 34 நிமிடம். இதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மணிக்கு 500 சாலை மைல், அதாவது 805 கி.மீ., என்று ஒரே வேகத்தை வைத்து, ஏறி இறங்குவதற்கு அரை மணி நேரம் சேர்த்தால் நிமிடம் பிசகாமல் இந்த விடைதான் வருகிறது. எந்த விமானம், எந்த மாதம், எந்தத் திசை என்று எதையும் கேட்காத சூத்திரம் இது. இரண்டாயிரம், மூவாயிரம் கி.மீ. பயணத்துக்கு ஓரளவு ஒத்துவரும், ஏனென்றால் அங்கே ஏறி இறங்குவதிலேயே நேரத்தின் கணிசமான பங்கு போகிறது. நீண்ட பயணத்தில் தவறிவிடும். இதைத் தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

நீங்கள் போட்ட 17 மணி நேரக் கணக்கு அப்படி ஒதுக்கத் தக்கதல்ல. அதில் இருக்கும் 900 சரியான எண்தான். நெடுந்தூர விமானங்கள் ஒலியின் வேகத்தில் ஏறக்குறைய 85 சதவீத வேகத்தில் பறக்கின்றன. 11 கி.மீ. உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 56 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,062 கி.மீ. அதில் 85 சதவீதம் 903. ஆனால் இந்த வேகம் எதைச் சார்ந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. விமானம் 900 கி.மீ. வேகத்தில் நகர்வது தன்னைச் சூழ்ந்த காற்றுக்குள். அந்தக் காற்றே தரைக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கிறது. ஆற்றில் போகும் படகுக்கு நீரோட்டம் எப்படியோ அப்படி. நீங்கள் வகுத்ததோ தரைத் தூரத்தை, காற்றுவேகத்தால். எங்கள் வேலையில் ஒரு பாதையைப் பார்க்கும்போது வரைபடத்தில் அதன் நீளம் என்ன என்பதைவிட, அதைக் கடக்க எவ்வளவு தூரம் காற்றைக் கடக்க வேண்டும் என்பதையே முதலில் பார்ப்போம். இரண்டு பாதைகளில் தரைக் கணக்கில் நீளமானது, காற்றுக் கணக்கில் குறுகியதாக அமைவது அன்றாடம் நடக்கும் விஷயம்.

இந்தக் காற்று லேசுப்பட்டதல்ல. இரண்டு அரைக்கோளங்களிலும் நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றோட்டங்கள் உண்டு. குளிர்காலத்தில் இவை வலுக்கும். மணிக்கு 300 கி.மீ.யைத் தாண்டுவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் ஐரோப்பாவைச் சியாரா புயல் தாக்கிய வார இறுதியில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரையை வைத்து அளந்தால் அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. அப்படியென்றால் ஒலியைவிட வேகமாகப் போனதா என்று அப்போது பலர் கேட்டார்கள். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. மீதியைக் காற்று சுமந்தது. அதே நாளில் எதிர்த்திசையில் லண்டனிலிருந்து கிளம்பியவர்களின் பாடு வேறு.

தூரம் கூடினாலும் நேரம் குறையலாம் என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ. இந்த இரண்டுக்கும் இடையே பெருவட்டத் தூரம் 12,400 கி.மீ. அளவுதான். ஏர் இந்தியா இதை முதலில் அட்லாண்டிக் வழியாக, சுமார் 13,900 கி.மீ. பறந்து இயக்கியது. 2016 அக்டோபரில் அதே சேவையைப் பசிபிக் வழியாகத் திருப்பியது. பறந்த தூரம் 15,300 கி.மீ. ஆனது. 1,400 கி.மீ. கூடுதல். ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில், பழைய பாதையைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தது. மேற்கே போனபோது முகத்தில் அடித்த காற்று, கிழக்கே போனபோது முதுகைத் தள்ளியது.

சிங்கப்பூர்–நியூயார்க்கிலும் இதே கதைதான். துருவத்தை ஒட்டிய குறுகிய பாதையில் காற்றின் உதவி அதிகம் கிடைக்காது. கிழக்கே ஜப்பான் பக்கம் சாய்ந்து வட பசிபிக்கைக் கடந்தால் தூரம் ஆயிரம் கி.மீ. போலக் கூடும், ஆனால் ஜெட் காற்றோட்டம் பின்னாலிருந்து தள்ளும். உத்தேச எண்களை வைத்துக் கணக்கிட்டுப் பாருங்கள். முதல் பாதை 15,700 கி.மீ., சராசரி எதிர்க்காற்று 10 கி.மீ. என்றால் தரைவேகம் 890. வான நேரம் 17 மணி 38 நிமிடம். இரண்டாவது பாதை 16,600 கி.மீ., சராசரி பின்காற்று 60 கி.மீ. என்றால் தரைவேகம் 960. நேரம் 17 மணி 17 நிமிடம். 900 கி.மீ. சுற்றிப் போயும் இருபது நிமிடம் மிச்சம். எரிபொருளும் மிச்சம், டிஸ்பாட்சருக்கு அதுதான் முதல் மகிழ்ச்சி. இந்தப் பாதையில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. திரும்பி வரும்போது வந்த வழியே மேற்காகப் பசிபிக்கைக் கடந்தால் அதே காற்று எதிரியாகிவிடும். அதனால் பல நாள்களில் திரும்பும் விமானமும் நியூயார்க்கிலிருந்து கிழக்கு நோக்கியே கிளம்பி அட்லாண்டிக், ஐரோப்பா, ஆசியா என்று வந்து சேர்கிறது. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு. உங்கள் தந்தை ஒரு சுற்றுப் பயணத்தில் உலகையே வலம் வந்துவிட வாய்ப்பிருக்கிறது. எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள ஊர்கள் என்பதால் மட்டுமே இது கட்டுப்படியாகிறது.

ஆகவே திரும்பும் நேரமும் இதேதானா என்ற கேள்விக்கு, இந்த ஜோடி ஊர்களைப் பொறுத்தவரை, ஏறக்குறைய இதே என்பது பதில். அட்டவணையில் பத்து, இருபது நிமிடம் வித்தியாசம் காணலாம். இதை வைத்து எல்லா ஊர்களுக்கும் அப்படித்தான் என்று முடிவு செய்துவிடாதீர்கள். நியூயார்க்–லண்டன் போலக் கிழக்கு மேற்காகக் கிடக்கும் ஊர்களுக்கு இரண்டு திசைகளுக்கும் ஒரு மணி நேரம் வித்தியாசம் சாதாரணம். தென் அரைக்கோளத்தில் ஜோகன்னஸ்பர்க்–சிட்னி பாதையில் அது இரண்டு மணி நேரம் வரை போகும். போகும்போது கிடைத்த லாபம் வரும்போது நஷ்டமாகிச் சமன் ஆகிவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். 9,000 கி.மீ. தூரம், காற்று வேகம் 100 கி.மீ. என்று கொள்வோம். பின்காற்றில் 1,000 கி.மீ. வேகம், 9 மணி நேரம். எதிர்க்காற்றில் 800 கி.மீ. வேகம், 11 மணி 15 நிமிடம். மொத்தம் 20 மணி 15 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் சரியாக 20 மணி. எதிர்க்காற்றில் நீங்கள் செலவழிக்கும் நேரம் அதிகம் என்பதால் நஷ்டம் எப்போதும் லாபத்தை மிஞ்சும்.

பூமி சுழல்வது பற்றி: அதற்காக நேரம் எதையும் கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். நடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்கிறது என்பது உண்மை. ஆனால் காற்றுமண்டலமும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. ஓடுபாதையில் நிற்கும் விமானமும் அந்த வேகத்தை ஏற்கெனவே பெற்றிருக்கிறது. மேலே போய்ச் சும்மா மிதந்தால் நியூயார்க் கீழே வந்து சேரும் என்பது நடக்காது. சுழற்சிக்கு மறைமுகமான பங்கு ஒன்று உண்டு. சூட்டு வேறுபாட்டால் நடுக்கோட்டிலிருந்து துருவம் நோக்கி நகரும் காற்றைக் கிழக்கே திருப்பி ஜெட் காற்றோட்டமாக்குவது அந்தச் சுழற்சிதான். அந்தப் பலன் காற்றுக் கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டது. தனியாக இன்னொரு முறை சேர்க்கக் கூடாது.

காற்றுக்கு அடுத்தபடி பாதையை முடிவு செய்வது மனிதர்கள் போட்ட கோடுகள். இதில் நிலையான விடை எதையும் என்னால் தர முடியாது, ஏனென்றால் இது ஓர் இரவில் மாறக்கூடியது. 2022 பிப்ரவரி இறுதியில் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டபோது, ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் ஒன்பது மணி நேரத்திலிருந்து சுமார் பதின்மூன்று மணி நேரமாக நீண்டது. இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் சேவைகளுக்கும் இதே நிலை. போர் நடக்கும் பகுதிகள், ராக்கெட் ஏவும் நேரத்தில் தடை செய்யப்படும் கடற்பகுதிகள், எரிமலைச் சாம்பல் என்று தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல் அன்றாடம் எங்கள் மேசைக்கு வரும். இவை போதாதென்று, கடந்து போகும் நாடுகள் வசூலிக்கும் கட்டணமும் உண்டு. சில நேரம் பத்து நிமிடம் சுற்றிப் போவது மலிவாக இருக்கும். இரண்டு என்ஜின் விமானமானால் ஓர் என்ஜின் நின்றுபோனாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஒரு மாற்று விமான நிலையத்தை அடையக்கூடிய பாதையிலேயே போக வேண்டும். துருவத்துக்கு அருகே அத்தகைய நிலையங்கள் மிகக் குறைவு. அங்கே நிலவும் குளிரில் எரிபொருளின் வெப்பநிலையையும் கண்காணிக்க வேண்டும். பரவலாகப் பயன்படும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை.

எரிபொருள் என்றதும் இன்னொன்று. நெடுந்தூரப் பயணத்தில் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்த வழித்தடத்துக்காக வாங்கிய ஏ350-900யூஎல்ஆர் விமானத்தில் 1,65,000 லிட்டர் கொள்ளும். தொட்டி முழுக்க நிரப்பினால் சுமார் 130 டன். கிளம்பும்போது அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச எடையே 280 டன்தான். இவ்வளவு கனத்தோடு கிளம்பும் விமானம் முதலிலேயே உச்ச உயரத்துக்கு ஏற முடியாது; எரிபொருள் குறையக் குறையப் படிப்படியாக மேலே போகும். இந்த எடைக் கணக்கால்தான் அந்த விமானத்தில் 161 இருக்கைகளே வைத்திருக்கிறார்கள். 67 பிசினஸ் வகுப்பு, 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே அதில் இல்லை. டிக்கெட் எடுக்குமுன் உங்கள் தேதியில் எந்த வகை விமானம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். தந்தையின் வசதிக்கும் உங்கள் பணத்துக்கும் இது 20 நிமிட வித்தியாசத்தைவிட முக்கியம்.

இனி அட்டவணையில் உள்ள 18 மணி 40 நிமிடம். இது வானில் இருக்கும் நேரம் அல்ல. விமான நிலைய வாயிலிலிருந்து சக்கரத் தடைக்கட்டையை எடுத்து விமானம் நகரும் கணத்திலிருந்து, சேரும் ஊரில் வாயிலில் நின்று மறுபடி கட்டை வைக்கும் வரை உள்ள நேரம். எங்கள் தொழிலில் இதை பிளாக் நேரம் என்போம். இரண்டு முனைகளிலும் தரையில் ஊர்ந்து போவதற்கு மட்டும் மொத்தம் அரை மணி நேரம் முதல் முக்கால் மணி வரை பிடிக்கும். கென்னடி போன்ற நெரிசலான நிலையத்தில் மாலை நேரத்தில் கூடவும் ஆகலாம். பெரும்பாலான நாடுகளில் 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேக வரம்பு இருக்கிறது. அதாவது மணிக்கு 463 கி.மீ. அதனால் ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடங்கள் போகும். இவை எல்லாவற்றையும் சேர்த்து, அந்தப் பருவத்தில் பல ஆண்டுகளாக வீசிய காற்றைப் பார்த்து, பெரும்பாலான நாள்களில் சொன்ன நேரத்துக்குள் போய்ச் சேரும்படி கொஞ்சம் இடம் விட்டு அட்டவணை போடுகிறார்கள். இந்த இடத்தைக் கொஞ்சம் தாராளமாகவே விடுவதும் உண்டு. நேரந்தவறாமைப் பட்டியலில் நல்ல பெயர் வாங்க வேண்டாமா? 2018 அக்டோபர் 11 அன்று சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கை அடுத்த நியூவார்க்குக்கு இந்த வகை விமானத்தின் முதல் சேவை கிளம்பியபோது, அது 18 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொண்டு, அட்டவணைக்கு ஏறக்குறைய அரை மணி நேரம் முன்பே தரையிறங்கியது. முன்கூட்டியே வந்துவிட்டது என்று விமானி அறிவிக்கும்போது பயணிகள் மகிழ்கிறார்கள். அட்டவணை போட்டவருக்கு அது எதிர்பார்த்த விஷயம்.

எனவே மூன்று நேரங்களில் நம்ப வேண்டியது அட்டவணை எண்ணைத்தான். உங்கள் 17 மணி நேரம் தவறல்ல, முழுமையில்லாதது. சுற்றிப் போகும் தூரம், காற்றின் உதவி, தரையில் கழியும் நேரம், கொஞ்சம் இடைவெளி இவற்றைச் சேர்த்தால் அதுவே பதினெட்டரையை நெருங்கிவிடுகிறது. இவற்றில் எது எவ்வளவு என்பது நீங்கள் பறக்கும் நாளில்தான் முடிவாகும். விமானப் போக்குவரத்துக்கென்றே உலகம் முழுவதற்குமான காற்று முன்கணிப்பைத் தருபவை இரண்டே மையங்கள், ஒன்றுக்கு லண்டன் என்றும் மற்றதற்கு வாஷிங்டன் என்றும் பெயர். ஒரு நாளைக்கு நான்கு முறை புதிய கணிப்பு வரும். அது கையில் வரும் வரை எனக்கே பாதை தெரியாது. மூன்று மாதத்துக்கு முன்பே நிமிடக் கணக்காக யாராவது சொன்னால் அவர் அட்டவணையை வாசிக்கிறார் என்றுதான் பொருள்.

நடுவில் நின்று போனால் எவ்வளவு கூடும் என்பதற்குப் பிராங்க்பர்ட் நல்ல உதாரணம், ஏனென்றால் அந்த வழியாக ஒரே விமானமே நெடுங்காலமாகப் போய்வருகிறது. சிங்கப்பூரிலிருந்து பிராங்க்பர்ட் சுமார் 10,300 கி.மீ., அங்கிருந்து நியூயார்க் சுமார் 6,200 கி.மீ. கூட்டினால் 16,500. நேர்த்தூரத்தைவிட ஏழு, எட்டு சதவீதமே கூடுதல். ஆனால் நேரம் 24 மணியை நெருங்குகிறது. தூரத்தில் கூடிய ஆயிரத்துச் சொச்சம் கி.மீ.க்கு ஒன்றரை மணி நேரம்கூட ஆகாது. மீதியெல்லாம் இறங்கி, நின்று, மறுபடி ஏறுவதில் போகிறது. இரண்டாம் கட்டம் முழுக்க மேற்கு நோக்கி, எதிர்க்காற்றில். வேறு ஊர் வழியாக, விமானம் மாறிப் போவதானால் காத்திருப்பு நேரத்தைப் பொறுத்து 22 மணி முதல் 30 மணிக்கு மேலும் போகலாம். அங்கே தூரக் கணக்கு எதற்கும் உதவாது; இரண்டு விமானங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள். வயதானவரோடு போகும்போது ஒரு மணி நேர இடைவெளியைச் சாதனையாக நினைக்காதீர்கள். முதல் விமானம் தாமதித்தால் சக்கர நாற்காலிக்குக் காத்திருப்பதற்குள் இரண்டாவது போய்விடும். என்னைக் கேட்டால் இரண்டரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, இரண்டு கட்டமும் ஒரே முன்பதிவில் இருக்க வேண்டும். மறுபுறம், பதின்மூன்று மணி நேரத்துக்குப் பிறகு எழுந்து நடக்கக் கிடைக்கும் இரண்டு மணி நேரம் சிலருக்கு வரப்பிரசாதம். இந்த இரண்டில் எது மேல் என்பதை உங்கள் தந்தையிடமே கேளுங்கள்.

டிக்கெட்டில் இருக்கும் கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி என்பதால் ஒரு குழப்பம் வரும். சிங்கப்பூர் உலகப் பொது நேரத்தைவிட ஆண்டு முழுவதும் 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. நியூயார்க், மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை 4 மணி நேரம் பின்னால், மற்ற மாதங்களில் 5 மணி நேரம் பின்னால். ஆக, வித்தியாசம் கோடையில் 12, குளிர்காலத்தில் 13. சிங்கப்பூரில் நண்பகல் 12 மணிக்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பறந்தால் ஜூலையில் நியூயார்க் கடிகாரம் அதே நாள் மாலை 6.40 காட்டும், ஜனவரியில் 5.40. பயணம் ஒரு மணி நேரம் குறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எந்த டிக்கெட்டானாலும் இரண்டு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள். தேதிக்கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே வராது.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு, விமானங்களைத் தொடர்ந்து காட்டும் இணையதளம் ஏதாவது ஒன்றில் உங்கள் விமான எண்ணைப் போட்டு, முந்தைய பத்து நாள்களின் உண்மையான கிளம்பிய நேரத்தையும் தரையிறங்கிய நேரத்தையும் பாருங்கள். என் பழைய சகாக்கள் அன்றன்று எந்தப் பாதையைத் தேர்ந்தார்கள் என்பது வரைபடத்திலேயே தெரியும். நீங்கள் பறக்கும் நாளும் பெரும்பாலும் அந்தப் பத்து நாள்களின் வீச்சுக்குள்தான் அமையும். காற்று வாரத்துக்கு வாரம் மாறும், ஆனால் பருவத்தை விட்டு அதிகம் விலகாது. நியூயார்க்கில் உங்களை அழைத்துப் போக வருபவரிடம் மட்டும் தரையிறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். குடியேற்றச் சோதனை வரிசையின் நீளம் எந்தக் காற்று முன்கணிப்புக்கும் கட்டுப்பட்டதல்ல. பெட்டி கைக்கு வந்த பிறகு அழைப்பதாகச் சொல்லிவையுங்கள்.